கரிக்காத உப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பயம் அதைவிடச் சட்டென்று வரும். இரண்டில் எது முந்துகிறது என்று பார்ப்பதே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வேடிக்கை. இரண்டும் ஒன்றாக வந்த ஒரு காலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

அப்போது நான் விருதுநகரில் ஒரு லாரி செட்டில் புக்கிங் கிளார்க்காக இருந்தேன். எங்கள் ஊர் மிளகாய் வத்தலும் உளுந்தும் எண்ணெய் டின்களும் வெளியூர் போக வேண்டுமானால் என் கையால் ஒரு லோடு சீட்டு எழுதியாக வேண்டும். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு கம்பெனிகளுக்கு வெளியூரிலிருந்து வருகிற சரக்கும் எங்கள் செட்டில் இறங்கித்தான் டெம்போ மாறும். வத்தல் நெடியில் தும்மியபடியே நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பேன். என் சீட்டில் ஒரு பிழை வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

2004 டிசம்பர் கடைசியில், கடலுக்கடியில் எங்கோ பூமி குலுங்கி, நம் கரையெல்லாம் அலை ஏறியதே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே எங்கள் செட் வாசலில் துணி மூட்டைகள் குவிய ஆரம்பித்தன. முதலாளி தினம் ஒரு லாரியைக் குமரிக் கடற்கரைக்கு இலவசமாக விடுவதாகச் சொல்லியிருந்தார். ஊரே திரண்டு வந்தது. கொண்டுவந்தது என்ன என்று கேட்டால்தான் எனக்கு வாய் நீளும். காலர் கிழிந்த சட்டை, கம்பளி ஸ்வெட்டர், சலங்கை கட்டி ஆடுகிற பரதநாட்டிய உடுப்பு. வீடும் பாத்திரமும் கடலோடு போய், பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஜனம் இதை வைத்து என்ன செய்யும்?

மூன்றாம் நாள் ஒரு முகாமில் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த சிஸ்டர் ஒருவர் கான்வென்ட் போனிலிருந்து பேசினார். "துணி போதும்மா. அரிசி கூட வந்துருது. கொழம்பு வைக்கப் பருப்பு இல்ல, புளி இல்ல, அடுப்புப் பத்த வைக்கத் தீப்பெட்டி இல்ல. கடக்கரையில இருந்துக்கிட்டு உப்புக்கு அலையுதோம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் செட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். துணியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. ரெண்டு கிலோ புளி வாங்கிட்டு வாங்க" என்றேன். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், போகட்டும். காலையில் சிஸ்டரிடம் பேசி அன்றைக்கு என்ன தீர்ந்தது என்று கேட்பேன். சாயங்காலத்துக்குள் பஜாரில் சுற்றி அதைச் சேர்த்து ஏற்றிவிடுவேன். ஒரு நாள் கூட லாரி சும்மா நிற்கவில்லை. என் சீட்டை நம்பி அங்கே அடுப்பு எரிகிறது என்ற நினைப்பே எனக்குப் பெருமையாக இருந்தது.

புத்தாண்டு கழிந்த வாரம் அது. செட்டில் ஒரு மூலை மட்டும் தரையை விட்டு உயர்த்திக் கட்டை அடுக்கி வைத்திருப்போம். ஈரம் இழுக்கிற சரக்கு எதுவானாலும் அந்த மூலைக்குத்தான் போகும். பஜாரில் சேர்த்த சமையல் உப்பு நாலு மூட்டை அங்கே இருந்தது. அதே கட்டை மேல், சுவர் ஓரமாக, இன்னும் இரண்டு மூட்டை இருந்தது. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வந்த சரக்கு அது. வழக்கமாக இறங்கிய கையோடு டெம்போவில் ஏறிப் போய்விடும். அந்த வாரம் டெம்போக்கள் எல்லாம் நிவாரணத்துக்கு ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு ராத்திரி தங்கிவிட்டது. அந்த மாதிரி சரக்கை எங்கள் செட்டில் தங்கவைக்கவே கூடாது. தெரிந்தேதான் வைத்திருந்தோம்.

அதற்குப் பெயர் பச்சை உப்பு. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். மத்தாப்பில் பச்சை நிறம் வருவதற்குப் போடுவதால் அந்தப் பெயர். வாயில் பட்டால் விஷம். எங்கள் பக்கத்தில் லோடுமேன், டெம்போக்காரர், கம்பெனிக்காரர் யாரும் அதைப் பச்சை உப்பு என்று முழுசாகச் சொல்வதில்லை. வெறுமனே உப்பு என்பார்கள். "உப்பு வந்துருச்சா?" என்று போனில் கேட்டால் எனக்கு அதுதான் அர்த்தம். சீட்டில் மட்டும் 'ப' என்று போட்டு ஒரு வட்டம் போடுவேன்.

அன்று சாயங்காலம் லாரி கிளம்பும் அவசரத்தில், எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் லோடுமேனிடம் சொன்னேன்: "மூலையில இருக்க உப்பு மூட்டையையும் ஏத்திருங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் ஏற்றிவிட்டு 'உப்பு ஆறு' என்று எண்ணிக்கை சொன்னார், நானும் அப்படியே சீட்டில் எழுதினேன்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு எம். புதுப்பட்டி டெம்போக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய விபத்தொன்றில் இடது கை விரல்கள் ஒட்டிப்போன மனிதர். அந்தக் கையாலேயே கியர் போடுவார். "என்னம்மா, எங்க உப்ப எங்கன வச்சிருக்கீக? மூலை காலியா கெடக்கு" என்றார்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டைதான் இருந்தது. சிரித்துக்கொண்டே லோடுமேனைக் கூப்பிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறெங்காவது மாற்றி வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

"நீங்கதான தாயி சொன்னீக, மூலையில இருக்க உப்பையும் ஏத்துன்னு. ஆறு மூட்டையும் ஏத்திட்டேன்" என்றார் அவர். சொல்லும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் குழம்பு. அதில் கை கையாக அள்ளிப் போடுகிற வெள்ளை உப்பு. தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள். கண்ணை மூடினாலும் இதுதான், திறந்தாலும் இதுதான். அதற்கு நடுவே இன்னொரு நினைப்பும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். சீட்டில் 'உப்பு - 6' என்றுதான் இருக்கிறது, நான் சொன்னதை லோடுமேன் தவிர யாரும் கேட்கவில்லை, பழியை அவர் மேல் போட்டுவிடலாம். இந்த நினைப்பு ஒரு நிமிஷம் இருந்தது. ஒரு நிமிஷம்தான், ஆனால் இருந்தது.

கான்வென்ட்டுக்குப் போன் போட்டேன். சிஸ்டர் சாவகாசமாக, "உங்க லாரி இன்னைக்கு இங்க வரல்லியே. நாகர்கோவில்லயே நிறுத்தி, எங்க சாமான் கொறவோ அங்க திருப்பி விட்டுருதாங்க" என்றார். எந்த முகாமுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. டிரைவரிடம் போன் கிடையாது.

முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதீக. அந்தச் சரக்கு நம்ம செட்டுல இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பூட்டுதான்" என்றார். அவர் முன்னால் நான் அதுவரை குரல் உயர்த்திப் பேசியதில்லை. "அங்க மதியச் சோத்துக்கு உலை வச்சிருப்பாக! பூட்டப் பத்திப் பேசுறீக!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் சாத்திய கதவைத் திறந்தார். பிறகு தன் செல்போனை எடுத்து என் கையில் வைத்தார். "வழியெல்லாம் அடிச்சுக்கிட்டே போங்க. கலெக்டர் ஆபீசுக்கும் அடிங்க. நானும் இங்கன இருந்து பாக்குறேன்" என்றார்.

டெம்போவிலேயே கிளம்பினோம். சாத்தூர் தாண்டும்வரை நாகர்கோவில் கட்டுப்பாட்டு அறைக்கு விடாமல் அடித்தேன். எப்போது அடித்தாலும் எங்கேஜ். கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தரம் கிடைத்தது. "உப்பு மூட்டையில விஷம் கலந்து வந்துருச்சு சார்" என்றேன். "எந்த முகாம்?" என்று கேட்டது அந்தக் குரல். "தெரியலயே" என்றேன். பின்னால் பத்துப் பேர் பேசுகிற இரைச்சல் கேட்டது, லைன் போய்விட்டது. அதற்கப்புறம் கிடைக்கவே இல்லை. தெரியவில்லை என்று ஏன் சொன்னேன், எல்லா முகாமுக்கும் சொல்லுங்கள் என்றல்லவா கத்தியிருக்க வேண்டும் என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

டெம்போக்காரர் பயத்தில் பேசுகிற ஆள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "எங்க கம்பெனியில அந்த உப்பக் கையாண்டா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவாம சோத்துல கை வைக்க விடமாட்டாக. ஒரு தடவ வாசல்ல கெடந்த காலிச் சாக்க ஒரு ஆடு நக்கிருச்சு. கொஞ்ச நேரத்துல நாலு காலும் ஓஞ்சு போச்சு. முழிச்சு முழிச்சுப் பாக்குது, எந்திரிக்க முடியல..."

"அண்ணே, போதும்."

"இல்லம்மா, நான் என்ன சொல்லுதேன்னா..."

"போதும்ணே! ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

கயத்தாறு வரும்போது திரும்பவும் அந்த ஆட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தார். இந்த முறை நான் தடுக்கவில்லை. பேசாமல் இருந்தால் அதைவிட மோசமாக இருந்தது.

திருநெல்வேலியில் எங்களுக்குத் தெரிந்த லாரி செட்டில் கேட்டோம். எங்கள் லாரி முந்தின நாளே கடந்து போயிருந்தது. அங்கிருந்து நாகர்கோவில் ஆட்களுக்குச் சொல்லச் சொன்னோம். சொல்கிறோம் என்றார்கள். வள்ளியூர் தாண்டியதும் ரோடு நிறைய நிவாரண லாரிகள், முன்னால் பேனர் கட்டி, ஊர் ஊராகப் பெயர் எழுதி. ஒரு லாரியை முந்துவதற்குக் கால் மணி நேரம். பேனர் கட்டியவர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். மணி பதினொன்று, பதினொன்றே கால், பதினொன்றரை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குழம்பு இறக்குகிற நேரம். தெரிந்த சாமி பாட்டெல்லாம் பாதி பாதியாக வந்தது. நாங்கள் கோயில் கும்பிடுகிறவர்கள்தான், சர்ச் பக்கம் போனதில்லை. ஆனால் சிஸ்டர் போனில் முடிக்கும்போது சொல்கிற 'ஆண்டவரே காத்தருளும்' தான் அன்று வாயில் வந்தது.

நாகர்கோவிலில் சாமான்களைப் பிரித்து அனுப்புகிற கல்யாண மண்டபத்தில் ஒரு பெரிய நோட்டு இருந்தது. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே புரட்டினேன். திட்டினார். எங்கள் லாரி நம்பருக்கு நேராகக் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமின் பெயர் இருந்தது. காலை ஆறு மணிக்கே அனுப்பியிருந்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். பள்ளிக்கூட மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், அதன் கீழே மூன்று அண்டா, அதற்கு எதிரே வரிசை. தட்டு எல்லார் கையிலும் இருந்தது. பரிமாற ஆரம்பித்தார்களா இல்லையா என்று தெரியவில்லை. செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது, அப்படியே ஓடினேன்.

"நில்லுங்க! யாரும் சாப்பிடாதீக!"

அண்டா பக்கத்தில் தோளில் துண்டு போட்டு, கொண்டையை இறுக்கிக் கட்டிய ஒரு அம்மா கரண்டியோடு நின்றிருந்தார். அந்தக் கடலோர ஜனத்தில் ஒருவர், முகாமின் சமையல் அவர் பொறுப்பு. அவர் வீட்டில் மூன்று பேரைக் கடல் எடுத்திருந்தது என்று பிறகு அந்த முகாமின் நர்ஸ் சொன்னார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "விருதுநகர் லாரியில வந்த உப்பு எங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "ஓ, அந்த உப்ப அனுப்புனது நீதானா பிள்ளே?" என்றார். "கடக்கரையில பொறந்தவளுக்கு உப்பு தெரியாதுன்னு நெனச்சியளா? வாளித் தண்ணியில போட்டுக் கலக்குதேன், கலக்குதேன், அடியிலயே கெடக்கு. நாக்குல வச்சுப் பாத்தேன், கரிக்கல்ல. தூன்னு துப்பிட்டேன். கிழிஞ்ச துணி அனுப்புனிய, சரின்னு விட்டோம். உப்பு கூடவா கெட்டுப் போனத அனுப்புவிய?"

கை காட்டினார். மைதான ஓரத்தில், யாரும் எடுக்காத பழந்துணிக் குவியல் மேல், எங்கள் ஆறு மூட்டையும் கிடந்தன. ஒன்று மட்டும் வாய் பிரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளி இருந்தது.

கரைத்துத் தெளியவைத்துத்தான் அவர்கள் குழம்புக்கு உப்பு விடுவார்களாம், மண் அடியில் தங்கட்டும் என்று. அந்தப் பழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்?

டெம்போக்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "கெட்ட உப்புன்னே நெனச்சுக்கிடட்டும்மா. எடுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்றார். போயிருக்கலாம். முதலாளியின் செட்டுக்கும் பூட்டு விழாது, என் பெயரும் கெடாது. ஆனால் அந்த அம்மா நாக்கில் வைத்திருக்கிறார். அதை எப்படி முழுங்குவது?

"கெட்டுப் போனது இல்லம்மா. அது சாப்பிடுற உப்பே இல்ல. பட்டாசுக்குப் போடுறது. விஷம். நான்தான் தப்பா ஏத்த வச்சேன்" என்றேன்.

விஷம் என்ற சொல் வரிசையின் கடைசி வரை ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் தன் பிள்ளை கையிலிருந்த தட்டைப் பிடுங்கித் தூர எறிந்தாள். தட்டுகள் ஒவ்வொன்றாகத் தரைக்குப் போயின. யாரோ என்னை அடிக்க வந்தார்கள், யாரோ தடுத்தார்கள். நர்ஸ் ஓடிவந்து அந்த அம்மாவை உட்காரவைத்து வாயைக் கொப்புளிக்கச் சொன்னார், நாடி பார்த்தார், கால் கை அசைக்கச் சொன்னார். "உடனே துப்பினதால தப்பிச்சீங்க. இருந்தாலும் டாக்டர் பார்க்கணும், இப்பவே வாங்க" என்றார். டெம்போக்காரர் அந்த வாளியையும் இரண்டு மூட்டையையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் டெம்போவில் ஏற்றிப் பூட்டினார்.

ஆனால் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்நூறு பேர் பசியோடு நிற்கிறார்கள், சோறு ஆறுகிறது, ஒருவரும் கிட்டே வரவில்லை. இன்றைக்கு மட்டுமில்லை, இனி எங்கள் ஊர் லாரி கொண்டுவருகிற எதையும் இவர்கள் தொடப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. பத்து நாளாகக் கட்டி இழுத்துக்கொண்டிருந்ததெல்லாம் என் ஒரு வார்த்தையில் அறுந்து போய்விட்டது.

"பிள்ளே, இங்க வா" என்றார். போனேன். "இந்தக் கொழம்புல அந்த உப்பு ஒரு கல்லு விழல. நீ நம்புதியா?"

"நம்புறேம்மா."

"அப்பத் தின்னு."

ஒரு தட்டில் சோறு போட்டு, அண்டாவிலிருந்து ஒரு கரண்டி ஊற்றி நீட்டினார். மைதானம் முழுக்க என்னைப் பார்த்தது. நம்பினேன், சத்தியமாக நம்பினேன். ஆனாலும் வாளியைக் கலக்கிய கரண்டியும் இதுவும் ஒன்றுதானோ என்று ஒரு எண்ணம் ஓடியது. அதைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அந்த ஆடு ஞாபகம் வந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன்.

எங்கள் ஊர்ப் பருப்பு. எங்கள் ஊர் வத்தல், அதன் காரம் எனக்குத் தெரியும். புளி சரியாக இருந்தது. உப்பு துளி கூட இல்லை. அந்த மூட்டை உப்பைத் துப்பிய பிறகு, மற்ற நாலு நல்ல மூட்டையையும் அவர் நம்பித் தொடவில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தேன்.

டெம்போக்காரர் சமையல் உப்பில் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து பிரித்தார். ஒரு கை அள்ளி எல்லாரும் பார்க்க வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணில் நீர் தெறிக்கக் கரித்தது. மூக்கு எரிந்தது.

"கரிக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

தலையாட்டினேன். அவர் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த ஒரு கல்லை எடுத்து, காலையில் அந்த விஷம் பட்ட அதே நாக்கில் வைத்தார். நர்ஸ் வேண்டாம் என்று கையைப் பிடித்தார், கேட்கவில்லை. இந்தத் தடவை துப்பவில்லை. பிறகு எழுந்து அண்டாவின் மூடியை எடுத்தார். நான் ஒரு கை போட்டேன். கலக்கினார், புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். வரிசையில் யாரோ குனிந்து தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் ஒரு கை போடு" என்றார்.